கால் சத்தம் கேட்காத அம்மாள்!

எங்கள் வீட்டு ஓனரம்மாவுக்குக் காலடிச் சத்தம் கிடையாது.

மாடிப் போர்ஷனில் நான் சிவனே என்று லாப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வாடகைத் தேதி தாண்டி ஐந்து நாள் ஆகியிருக்கும். படிக்கட்டில் சத்தம் வராது, கதவு கிறீச்சிடாது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்பார்.

"தம்பி, மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

மோட்டார் ஒரு சாக்கு. விசாரணை வாடகையைப் பற்றியது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் அப்படி வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு ஜூடித் ஆண்டர்சன் ஞாபகம்தான் வரும். (ஓனரம்மா இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிப்பதாகக் கேள்வி. ஆகவே இதற்கு மேல் ஒப்பிடாமல் நிறுத்திக்கொள்கிறேன்.)

ஜூடித் ஆண்டர்சன் யார் என்று கேட்பவர்களுக்கு: ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' (1940) பார்த்திருக்கிறீர்களா? கடலோரம் ஒரு பெரிய பங்களா. முதலாளியின் முதல் மனைவி ரெபெக்கா செத்துப்போய்விட்டாள். படம் முழுக்க அவள் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கோ பெயரே கிடையாது. இந்த இருவருக்கும் நடுவே, கறுப்பு உடையில், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, அந்த வீட்டை நிர்வகிக்கும் மிஸஸ் டான்வர்ஸ் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் சும்மா நிற்கிறாள். அதைப் பார்த்தாலே நமக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

டான்வர்ஸ் நடந்து வருவதை அநேகமாகக் காட்டவே கூடாது என்று ஹிட்ச்காக் முடிவு செய்திருந்தார். பிற்பாடு பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவிடம் இதை அவரே விளக்கியிருக்கிறார். ஒருத்தி நடந்து வந்தால் அவளும் மனுஷிதான் என்று ஆகிவிடும். திரும்பிப் பார்த்தால் நிற்கிறாள் என்றால் அதுதான் பயம். கதாநாயகிக்கு எப்படியோ நமக்கும் அப்படியே.

இதைச் செய்த நடிகைக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாக்காரி. நியூயார்க் நாடக மேடையில் அவர் ராணி. அந்த ராணியைத்தான் சினிமாக்காரர்கள் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கும் அம்மாளாக்கினார்கள். அதற்கு அவர் பேரில் எந்தக் குறையும் காரணமில்லை. முகம்தான் காரணம்.

கொஞ்சம் என் கதை. பி.காம். முடித்துவிட்டு ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் நாலு வருஷம் குப்பை கொட்டினேன். ஒருமுறை ராத்திரி பதினோரு மணிவரை கண் விழித்து, மூன்று வாரம் உழைத்து ஒரு ரிப்போர்ட் தயார் செய்தேன். கடைசி நாளில் அதை எடுத்துக்கொண்டு டை கட்டிக்கொண்டு பெரிய மீட்டிங்கில் போய் வாசித்தவர் பக்கத்து சீட்காரர். மேலதிகாரியிடம் ஏன் சார் என்று கேட்டேன். "தப்பா எடுத்துக்காதய்யா. அவனுக்கு பிரசன்டேஷனுக்கான முகம்" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு இப்படி எழுத வந்துவிட்டேன். அதனால்தான் வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டுகிறது.

இனி ஜூடித் கதை.

1897 பிப்ரவரி 10, ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரம். பிறந்தபோது வைத்த பெயர் பிரான்சஸ் மார்கரெட். அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். பங்கு வியாபாரம், சுரங்கம் என்று ஒரு காலத்தில் கையில் காசு புழங்கிய மனிதர். சூதாட்டம் அதைத் தின்றுவிட்டது. பெண் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நர்ஸாக இருந்த அம்மா ஒரு மளிகைக் கடையைத் திறந்து குழந்தைகளை வளர்த்தார்.

பெண்ணுக்கு ஒப்பிப்பதில் ஆசை. பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். 1915இல் சிட்னியில் முதல் தொழில்முறை மேடை. 1918 ஜனவரியில், இருபது வயதில், அம்மாவையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். மளிகைக் கடைக்கார அம்மா, நடிக்கத் துடிக்கும் பெண், எதிரே பசிபிக் பெருங்கடல். இவர்கள் நெஞ்சுரத்தை நினைத்தால், ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டருக்குப் பத்து நாள் புலம்புகிற நாமெல்லாம் எந்த மூலைக்கு?

கலிபோர்னியாவில் சினிமா வாய்ப்பு கிடைக்கவில்லை. நியூயார்க் போனார்கள். அங்கேயும் யாரும் மாலையோடு காத்திருக்கவில்லை. வாரத்துக்கொரு நாடகம் போடுகிற சின்னக் கம்பெனிகளில் கிடைத்த வேஷத்தையெல்லாம் போட்டுக் காலம் தள்ளினார். அதுவரை பிரான்ஸி ஆண்டர்சன் என்று இருந்தவர், 1923இல் பெயரை ஜூடித் என்று மாற்றிக்கொண்டார். நியூமராலஜி பார்த்து மாற்றினாரா என்று கேட்காதீர்கள். ஆனால் அடுத்த வருஷமே அதிர்ஷ்டம் அடித்தது.

1924இல் பிராட்வேயில் 'கோப்ரா' என்ற நாடகம். கணவனின் நண்பனையே வளைக்கப் பார்க்கும் ஒரு மோகினி வேஷம். நீண்ட மூக்கும் குழிந்த கண்களும் கொண்ட, ஐந்தரை அடிகூட எட்டாத இந்தப் பெண் மோகினியாக வந்து நின்றபோது நியூயார்க் சொக்கிப்போனது. அழகு என்பது மூக்கில் இல்லை, நிற்கிற நிற்பிலும் குரலிலும் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டார்.

இங்கேதான் விளையாட்டு ஆரம்பம். அடுத்த வருஷமே 'கோப்ரா'வைப் படமாக எடுத்தார்கள். ஹீரோ, உலகமே உருகிய ருடால்ஃப் வாலன்டினோ. ஜூடித் செய்த வேஷத்தில் யார்? நிடா நால்டி என்ற சினிமா மோகினி.

போகட்டும். 1931இல் பிராட்வேயில் இத்தாலிய எழுத்தாளர் பிராண்டெல்லோவின் 'ஆஸ் யூ டிசையர் மீ' நாடகத்தில் ஜூடித் நடித்தார். ஞாபகம் தொலைந்த, தான் யார் என்று தெரியாத ஒரு பெண். 1932இல் அது படமாக வந்தது. அதில் நடித்தவர் கிரேட்டா கார்போ!

1935இல் 'தி ஓல்ட் மெய்ட்'. அந்த வருஷத்தின் புலிட்சர் பரிசு வாங்கிய நாடகம். அதில் இரண்டு முக்கியப் பெண்களில் ஒருவர் ஜூடித். 1939இல் படமானபோது அந்த வேஷம் மிரியம் ஹாப்கின்ஸுக்குப் போனது.

பி.காம். படித்தவன் புத்தி எனக்கு. இதைப் பேரேட்டில் எழுதிப் பார்த்தால் உழைப்பெல்லாம் டெபிட் பக்கம் இவர் கணக்கில் ஏறியிருக்கிறது, கிரெடிட் முழுவதும் வேறு வேறு பெயர்களில் போயிருக்கிறது. ரிப்போர்ட் நம்முடையது, மீட்டிங்கில் வாசிப்பது கிரேட்டா கார்போ. கார்போ என்றால் எனக்கேகூட ஆட்சேபணை இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

நான் வேலையை விட்டேன். அவர் விடவில்லை.

யூஜின் ஓ'நீலின் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்' என்று ஒன்று. ஒன்பது அங்கம். சாயங்காலம் ஆரம்பித்து, நடுவில் ரசிகர்களை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் மறுபடி தொடங்குவார்கள். கதாநாயகியாக நடித்த லின் ஃபான்டேன் 1928இல் விலகியதும் அந்தப் பாரத்தைத் தூக்கியவர் ஜூடித். 1936இல் ஜான் கீல்குட் ஹாம்லெட், இவர் அம்மா. 1937இல் லண்டன் ஓல்டு விக்கில் லாரன்ஸ் ஒலிவியர் மாக்பெத், இவர் லேடி மாக்பெத். அந்த நாடகத்தின் பெயரை அரங்கத்துக்குள் உச்சரிப்பதே அபசகுனம் என்று நாடகக்காரர்கள் பயப்படுவார்கள். பயத்துக்கு ஏற்றாற்போல் முதல் காட்சிக்கு முந்தின நாள் ஓல்டு விக்கின் நிர்வாகி லிலியன் பேலிஸ் காலமானார். இருந்தும் திரை விலகியது, ஜூடித் மேடையேறினார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 'ரெபெக்கா'. அதே ஒலிவியர் இந்தப் படத்தில் முதலாளி. லண்டன் மேடையில் அவருக்கு ராணியாக நின்றவர், ஹாலிவுட்டில் சாவிக்கொத்தோடு அவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி இந்தப் படத்தை லாப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போன ரெபெக்காவின் அறையை டான்வர்ஸ் புது மனைவிக்குச் சுற்றிக் காட்டுகிற காட்சி. அலமாரியைத் திறந்து ரோமக் கோட்டைக் கன்னத்தில் வைத்துத் தேய்க்கிறாள். மெல்லிய இரவு உடைக்குள் கையை விட்டு, துணி வழியே விரல் தெரிகிறது பார் என்று காட்டுகிறாள். தலை வாரிவிட்டதையெல்லாம் சொல்கிறாள். குரல் உயரவில்லை. முகத்தில் ஒரு தசை அசையவில்லை. எனக்குக் கை சில்லிட்டுப்போய்விட்டது.

"யாருப்பா அந்தம்மா?"

நாற்காலியோடு துள்ளி விழுந்தேன். ஓனரம்மா! எவ்வளவு நேரமாகப் பின்னால் நிற்கிறாரோ.

"வில்லிங்க. வீட்டு வேலையெல்லாம் பாத்துக்கறவங்க. செத்துப்போன முதலாளியம்மாவோட டிரஸ்ஸைக் காட்டி இந்தப் பொண்ணைப் பயமுறுத்தறாங்க."

ஓனரம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது.

"பயமுறுத்தலப்பா. அவ அழுதுகிட்டிருக்கா" என்றார். "செத்துப்போனவளுக்கு ஒரு வருஷத்துல வேற ஒருத்திய கொண்டுவந்துட்டாங்க. எல்லாரும் மறந்துட்டாங்க. இவளுக்கு மட்டும் முடியல. பாவம்."

நான் அந்தப் படத்தை அதற்கு முன் ஐந்து தடவை பார்த்தவன். ஐந்து தடவையும் பேயைப் பார்த்தேன். துக்கத்தில் இருக்கிற பெண்ணைப் பார்க்கவில்லை. வசனம் புரியாதவருக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், ஜூடித் என்ன நடித்திருக்கிறார் என்று யோசியுங்கள்!

அந்தப் படத்துக்காக ஆஸ்கர் துணை நடிகைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பரிசு வேறொருவருக்கு. படத்துக்குச் சிறந்த பட விருது கிடைத்தது. 2003இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் நூறு வருஷ வில்லன்களை வரிசைப்படுத்தியபோது டான்வர்ஸுக்கு 31ஆவது இடம்.

நம் பக்கமும் டான்வர்ஸ் வந்திருக்கிறாள். 'ரெபெக்கா' கதையைத் தழுவி 1964இல் இந்தியில் 'கோஹ்ரா' எடுத்தார்கள். வஹீதா ரஹ்மான் புது மனைவி. டான்வர்ஸ் வேஷம் லலிதா பவாருக்கு. ஆமாம், தூர்தர்ஷன் ராமாயணத்தில் மந்தரையாக வந்து வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாரே, அவரேதான். அவரும் ஒரு காலத்தில் கதாநாயகி. 1940களில் ஒரு படப்பிடிப்பில் விழுந்த அறையில் முகம் பாதித்து, இடது கண் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு கதாநாயகி வேஷம் இல்லை. மாமியார், கூனி, வில்லிதான். அந்த வேஷத்துக்கு யாரைப் போடுவது என்று யோசித்த புண்ணியவானுக்கு ஜூடித்தின் சரித்திரம் தெரிந்திருந்ததா, தெரியாது. பொருத்தம் மட்டும் பிரமாதம்.

'ரெபெக்கா'வுக்குப் பிறகு சினிமாவில் ஜூடித் வரிசையாகக் கடுகடுத்தார். 'லாரா' (1944), அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1945) என்று போகிறது. 'தி ஃப்யூரீஸ்' (1950) படத்தில் பார்பரா ஸ்டான்விக் கத்தரிக்கோலை எடுத்து இவர் முகத்தில் எறிவார். 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' (1956) பலர் பார்த்திருப்பீர்கள். மோசஸ் யார் வீட்டுப் பிள்ளை என்ற ரகசியத்தைத் தெரிந்து வைத்திருக்கும் கிழவி மெம்னெட் இவர்தான். இளவரசி மாடியிலிருந்து தள்ளிவிடுவாள். 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' (1958) படத்தில் எலிசபெத் டெய்லருக்கு மாமியார். ஜெர்ரி லூயிஸ் படத்தில் சித்தி. பட்டியல் போதும்.

அவர் மனசு இருந்தது மேடையில்.

ராபின்சன் ஜெஃபர்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞர், கிரேக்க நாடகமான 'மெடியா'வை இவருக்காகவே புதிதாக எழுதிக் கொடுத்தார். புருஷனுக்காக அப்பாவையும் நாட்டையும் துறந்து வந்தவள் மெடியா. அவன் ராஜாவின் மகளைக் கட்டிக்கொள்ளக் கிளம்பியதும், பழிவாங்கத் தான் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் தன் கையாலேயே கொல்கிறாள். 1947 அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேற்றம். கீல்குட் டைரக்ஷன், புருஷன் வேஷமும் அவரே. 214 காட்சிகள். 1948இல் டோனி விருது. அந்த வருஷம் சிறந்த நடிகை விருதை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இவர் மூவரில் ஒருவர். முழுசாக ஒரு மாலை விழக்கூடாது என்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது போலிருக்கிறது!

மேடை நடிப்பு கற்பூரம் மாதிரி. எரியும்போது ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும், அணைந்தால் தட்டில் சாம்பல்கூட மிஞ்சாது. 1947இல் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்ததை நாம் பார்க்கவே முடியாது. 1959இல் டி.வி.க்காக 'மெடியா'வைப் பதிவு செய்தார்கள். ஏதோ அந்த மட்டும். டி.வி. இவருக்கு வஞ்சனை செய்யவில்லை. லேடி மாக்பெத்தாக 1954இல் ஒருமுறை, 1960இல் வேறொரு தயாரிப்பில் மறுபடி ஒருமுறை நடித்து, இரண்டுக்கும் எம்மி விருது வாங்கினார். அந்த 1960ஆம் வருஷமே பிரிட்டிஷ் ராணியிடமிருந்து 'டேம்' பட்டம்.

சொந்த வாழ்க்கை? இரண்டு கல்யாணம். ஒருவர் பேராசிரியர், அது இரண்டு வருஷம். இன்னொருவர் நாடகத் தயாரிப்பாளர், அது ஐந்து வருஷம். குழந்தைகள் இல்லை. இதற்கு மேல் எட்டிப் பார்ப்பது நமக்கு அழகல்ல.

எழுபத்து மூன்று வயதில் ஒரு காரியம் செய்தார். ஹாம்லெட்டாக நடிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஹாம்லெட்டின் அம்மாவாக இல்லை. ஹாம்லெட்டாகவே! ஊர் ஊராகப் போய்விட்டு 1971 ஜனவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில் வந்து நின்றார். விமர்சகர்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் பேரில் கோபமில்லை. எழுபத்து மூன்று வயது இளவரசன் என்றால் சிரமம்தான். ஆனால் வாழ்நாள் பூராவும் உன் முகத்துக்கு இதுதான் என்று மற்றவர்கள் பிரித்துக் கொடுத்த வேஷங்களைப் போட்டவர், ஒரே ஒருமுறை தானே எடுத்துக்கொண்ட வேஷம் அது. டிக்கெட் கிடைத்திருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்து விசிலடித்திருப்பேன்.

நான் சொல்ல வந்தது 1982ஐ.

'மெடியா'வை முதலில் தயாரித்த ராபர்ட் ஒயிட்ஹெட், முப்பத்தைந்து வருஷம் கழித்து மறுபடி அதே நாடகத்தை எடுத்தார். இந்த முறை மெடியா, அவர் மனைவி ஜோயி கால்ட்வெல். இவரும் ஆஸ்திரேலியாக்காரி, மெல்போர்னில் பிறந்தவர். கதையில் மெடியாவுக்கு ஒரு வயதான தாதி உண்டு. நாடகம் தொடங்குவதே அவள் புலம்பலில்தான். அந்தத் தாதி வேஷத்துக்கு ஜூடித்தைக் கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். நமக்காகவே எழுதப்பட்ட வேஷம். நம் பெயரோடு ஒட்டிப்போன வேஷம். அதை இன்னொரு பெண் தினமும் கண்ணெதிரே செய்வாள். நாம் ஓரத்தில் கிழவியாக நின்று, ஐயோ அம்மா வேண்டாம் என்று கைகளைப் பிசைய வேண்டும். நான் வேலை பார்த்த ஆபீஸில், ரிடையரான ஒரு சீஃப் அக்கவுன்டன்டைப் பழைய சீட்டுக்கு எதிரே கன்சல்டன்டாக உட்கார வைத்தார்கள். புது ஆள் வவுச்சரைப் புரட்டும்போதெல்லாம் அவர் தொண்டையைச் செருமுவார். மூன்றே மாதத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜூடித் ஒப்புக்கொண்டார். எண்பத்தைந்து வயதில் ஒவ்வொரு ராத்திரியும் போய்த் தாதியாக நின்றார். அந்த வருஷ டோனி விருதுப் பட்டியலில் மெடியாவும் இருந்தாள், தாதியும் இருந்தாள். விருது மெடியாவுக்குக் கிடைத்தது. முப்பத்து நாலு வருஷம் முன்பு தனக்குக் கிடைத்த அதே வேஷத்துக்கு, அதே விருது, இன்னொரு ஆஸ்திரேலியப் பெண்ணுக்கு. இந்தத் தடவை முகத்துக்காகப் பறிபோகவில்லை. கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தார்.

அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்தாரா? அதுதான் இல்லை. 1984இல் 'ஸ்டார் ட்ரெக்' மூன்றாம் படத்தில் வேற்றுக்கிரகத்துத் தலைமைப் பூசாரிணியாக வந்தார். ஹாலிவுட் பேரனுங்க எல்லாம் அவரை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம், கலிபோர்னியாவில் அவர் குடியிருந்த சான்டா பார்பராவின் பெயரிலேயே ஒரு டி.வி. மெகா சீரியல் ஆரம்பித்தது. அதில் பணக்காரக் குடும்பத்தின் பாட்டியாக ஒப்பந்தமாகி 1987 வரை இருந்தார். கிரேக்கத் துன்பியலின் ராணி, எண்பத்தேழு வயதில், தனக்கு சீன் கொஞ்சமாகத் தருகிறார்கள் என்று அந்த சீரியல்காரர்கள் மீது குறைப்பட்டுக்கொண்டார். 1991இல் ஆஸ்திரேலிய அரசு தன் உயரிய விருதைத் தந்தது. 1992 ஜனவரி 3, சான்டா பார்பராவில் காலமானார். தொண்ணூற்று நாலு வயது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தேன். வழக்கம்போல எதிரே ஓனரம்மா.

"இன்னும் நாலு நாள்ல கொடுத்துடறேன்மா" என்றேன் அவசரமாக.

"அது கெடக்கட்டும். அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல பார்த்தோமே, கறுப்புச் சட்டைக்காரம்மா... அவங்கள பத்தியா எழுதற?"

ஆமாம் என்று, சுருக்கமாகச் சொன்னேன். அப்பா விட்டுப் போனது, மளிகைக் கடை, கப்பல், ஹாம்லெட், தாதி எல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் சீரியல் என்றதும் நிமிர்ந்தார்.

"சீரியல்லயா நடிச்சாங்க? எத்தனை மணிக்குப் போடறான்?"

முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்றேன். முகம் வாடிவிட்டது. திரும்பிப் படியிறங்கிப் போனார், சத்தமில்லாமல்.

அப்புறம்தான் காதில் விழுந்தது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார்!